போல்ட்டில் நட்டு நின்ற இடம்

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் பாபு பட்டறை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் விழுப்புரத்தில் என்னிடம் வேலை பார்த்தவன். இப்போது அவனிடம் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். சமீபத்தில் அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். ஒரு டீசல் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சீல் பிரிக்காத ஒரு பெரிய அட்டைப்பெட்டி. லைனர், பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு, கேஸ்கட்டு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறதாம். பழைய சாமான் எதையும் யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. கழற்றினார்கள், மூலையில் வீசினார்கள், பெட்டியைப் பிரித்தார்கள்.

"இப்ப யாரு மேஸ்திரி ஒவ்வொண்ணா பாத்துக்கினு இருக்காங்க? மொத்தமா கிட்டு வந்துடுது. மாட்டிக்கினு போயிக்கினே இருக்க வேண்டியதுதான்" என்றான் பாபு. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா நீங்க மட்டும் எது போகும், எது போகாதுன்னு பட்டுனு சொல்லிடுவீங்களே, அது எப்படி? எங்க மெக்கானிக்குங்க குரூப்புல போடணும். எழுதிக் குடுங்களேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நகத்தால் பார்ப்பேன், மைக்ரோமீட்டரால் அளப்பேன், காதால் கேட்பேன் என்று ஜோராக ஆரம்பித்தேன். நாலு வரி தாண்டவில்லை, எனக்கே சகிக்கவில்லை. எழுதியது பொய்யில்லை. ஆனால் முக்கால்வாசிதான் உண்மை. மீதிக் கால்வாசியை நகமும் முடிவு செய்யவில்லை, மைக்ரோமீட்டரும் முடிவு செய்யவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம்தான் முடிவு செய்தது. அந்தக் கால்வாசியை எழுதித் தருகிறேன். குரூப்பில் போடுவதும் போடாததும் பாபுவின் இஷ்டம்.

நான் தொழில் கற்றது திண்டிவனத்தில், காதர் பாய் பட்டறையில். ஸ்பேனர் துடைத்தது, திட்டு வாங்கியது, டீசலில் கை வெந்தது எல்லாம் எல்லா மெக்கானிக்கும் சொல்கிற பாட்டு, விட்டுவிடுகிறேன். பாய் சாக்கு விரிக்கிற முறையை மட்டும் விட முடியாது.

இன்ஜினைப் பிரித்ததும் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தரையில் சாக்கு விரித்து அடுக்குவோம். மூன்று வரிசை. ஒன்று 'போகும்', அப்படியே திரும்ப மாட்டலாம்; ஒன்று 'போகாது', மாற்றியாக வேண்டும்; நடுவில் 'பார்க்கலாம்'. அடுக்கி முடிக்கிற வரைக்கும் வண்டிக்காரரை பாய் உள்ளே விடமாட்டார். முடிந்ததும் ஒரு முக்காலி போட்டு உட்கார வைப்பார். அதற்கப்புறம் பாய் ஒன்றும் விளக்க மாட்டார். வண்டிக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரலை, பிஸ்டன் ஓடித் தேய்கிற லைனருக்குள் விடுவார்.

"மேல தூக்கு. நகம் மாட்டுதா?"

"மாட்டுது பாய்."

"மாட்டுச்சுன்னா போச்சு. அவ்ளோதான்."

ஏர் பிடித்துக் காய்த்த விரலாக இருந்தால் சுண்டுவிரலை விடச் சொல்வார். கண் சரியாகத் தெரியாதவராக இருந்தால் பேரிங்கை அவர் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக் காட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தன் கையால் தொட்டுப் பார்த்த ஆள் எவனும் திரும்பி வந்து தகராறு செய்ததில்லை.

பாய் சாமான் கடையில் கமிஷன் வாங்குவார். மறைக்கவும் மாட்டார். "இந்தா பாருப்பா, கடைக்காரன் எனக்கு ஒண்ணு குடுப்பான், நான் வாங்கிக்குவேன். அதுக்காவ நல்லா கீறத போச்சுன்னு சொல்ல மாட்டேன். டவுட்டுனா நீயே தொட்டுப் பாரு, ஜல்தி" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். எனக்கு அது அருவருப்பாக இருக்கும். இவ்வளவு வேலை தெரிந்த மனிதர் இப்படிக் கை நீட்டலாமா என்று நினைப்பேன். வயது அப்படி.

ஒரே ஒரு சாமான் மட்டும் மூன்று வரிசையிலும் வராது. கனெக்டிங் ராடு போல்ட்டு. பிஸ்டனின் காலைக் கிராங்கோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். இன்ஜின் ஓடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அதை இழுக்கும். பாரமான தண்டட்டி போட்ட காது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நீளும். காது நீண்டால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. துடைத்து வைத்தால் புதுசு மாதிரியே மின்னும். பாய் அதைக் கழற்றிய கையோடு பட்டடைக் கல்லில் வைத்து, நட்டு ஏறுகிற மரையின் மேல் உளியை நிறுத்தி ஒரே அடி அடிப்பார். மரை நசுங்கிவிடும். அப்புறம் யார் நினைத்தாலும் மாட்ட முடியாது.

"நல்லாத்தானே கீது பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லாத்தான்டா கீது. அதான் பேஜாரே. மாட்டும்போது பாக்க நல்லா இருக்கும். அதுக்குள்ள பத்து சாமான் வாங்கியாரச் சொல்லி இருப்போம். இன்னும் ஒண்ணு வாங்கிக்கினு வான்னு சொல்ல வாய் கூசும். கூசறதுக்கு முன்னாடி அடிச்சுடணும்."

அவருக்கே கூசும் என்று சொன்னதை நான் அப்போது நம்பவில்லை.

பிற்பாடு விழுப்புரத்தில், திருச்சி ரோட்டை ஒட்டித் தனியாகப் பட்டறை போட்டேன். கமிஷன் கையால் தொடமாட்டேன் என்று முடிவு. கடைசி வரை தொடவும் இல்லை. சாக்கு விரிப்பது, தொட்டுப் பார்க்கச் சொல்வது, பழைய சாமானை ஒன்று விடாமல் மூட்டை கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்புவது எல்லாம் பாய் முறைதான். கெடாரிலிருந்து ராஜவேலு என்று ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுகிற வண்டியைக் கொண்டுவந்தார். இன்ஜின் பிரித்த அன்று அவர் வரவில்லை, ஆள் அனுப்பியிருந்தார். மாற்ற வேண்டியதை மாற்றி, பழைய மூட்டையைக் கொடுத்தனுப்பினேன். மூட்டையை அவர் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அந்தப் புண்ணியவான், "இதெல்லாம் இன்னும் ஒரு வருசம் ஓடுமே" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை, எதிர் டீக்கடையில் கூட்டம் நிற்கிற நேரம். ராஜவேலு மூட்டையோடு வந்தார். பட்டறை வாசலில் கவிழ்த்தார். பிஸ்டன் ஒன்று உருண்டு ரோட்டுக்கே போனது.

"கமிஷன் துன்றதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா உனக்கு?"

வாங்காத கமிஷனுக்கு வாங்கின பட்டம். ஒரு பிஸ்டனை எடுத்து அவர் கையில் கொடுத்து, ரிங்கு உட்காருகிற காடி தேய்ந்திருப்பதைக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். திருடன்தான் அப்படிப் பொறுக்குவான்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். யாரும் கேட்காமல் நானே செய்துகொண்டவை. ஒன்று, சாமான் லிஸ்டை என் கையால் எழுதித் தருவதை நிறுத்தினேன். என் கையெழுத்தைப் பார்த்தால் கடைக்காரன் என் பேரில் கமிஷன் எடுத்து வைப்பான். அந்தப் பேச்சே வேண்டாம். வாயால் சொல்வேன், வந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இன்னொன்று, தொட்டுப் பார்க்கச் சொல்வதை விட்டேன். தொட்டுப் பார் என்பது, என்னை நம்பு என்று கெஞ்சுவது போலப் பட்டது எனக்கு. ஏழுமலை சொன்னால் சொன்னதுதான் என்று இருக்க வேண்டும் என்ற வீம்பு.

மூன்றாவதாக ஒரு மாற்றம் தானாக நடந்தது. நடு வரிசைச் சாமான்கள் ஒவ்வொன்றாக 'போகும்' வரிசைக்கு நகர ஆரம்பித்தன. மாற்றிவிடு என்று சொல்ல நாக்கு எழுந்தால் ராஜவேலு கவிழ்த்த மூட்டை கண்ணுக்கு முன்னால் வரும். "போகும், விடுங்க" என்றுவிடுவேன். வண்டிக்காரர் முகம் மலரும். என் அதிர்ஷ்டம், பெரும்பாலும் ஓடின. "ஏழுமலைகிட்ட போ, தேவையில்லாம ஒரு வாஷர் கூட மாத்தமாட்டாரு" என்று பேர் பரவியது. திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் முகையூரிலிருந்து லூர்துமேரியும் அவள் புருஷன் சவரிமுத்துவும் வந்தார்கள். இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிற செட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். எப்படியோ ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்கி, மில்லுக்குக் கரும்பு ஓட்ட முறையும் வாங்கியிருந்தார்கள். அரவை ஆரம்பித்துவிட்டது, டிராக்டர் புகை கக்குகிறது.

"வெட்டற வேலையில இருந்து ஓட்டற வேலைக்கு வந்துட்டோம்ணே" என்றாள். "இந்த சீசன் மட்டும் நிக்காம ஓடிடுச்சுன்னா திரும்பக் கத்தியத் தொட மாட்டேன். மில்லுல முறை ஒருவாட்டி போச்சுன்னா அடுத்தவனுக்குக் குடுத்துடுவான்."

பேசுவதெல்லாம் அவள்தான். சவரிமுத்து வாய் திறக்காத ஆள். டிராக்டர் பக்கத்திலேயே நிற்பார்.

பிரித்தேன். மூன்று சிலிண்டர் இன்ஜின். லைனர் தேய்ந்திருந்தது, ரிங்கு ஒன்று உடைந்திருந்தது, கிராங்கைக் கடைந்துதான் ஆக வேண்டும். சாக்கின் மேல் 'போகாது' வரிசை நீண்டுகொண்டே போனது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சவரிமுத்து கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். லைனர் பிஸ்டன் செட், ஒரு கணு. மெயின் பேரிங்கு, ஒரு கணு. ராடு பேரிங்கு, ஒரு கணு. ஆயில் பம்பு, ஒரு கணு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உதடு மட்டும் அசைகிறது. என் கண் லைனரில் இல்லை, அந்தக் கட்டைவிரலில்தான் இருந்தது. கணக்குப் போடுகிறான், இந்த மெக்கானிக் இன்னும் எத்தனை ஏற்றுவான் என்று பார்க்கிறான் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைசியாக ராடு போல்ட்டுகள். பாய் மாதிரி அடித்து நசுக்காமல், கையில் எடுத்து, நட்டை விரலாலேயே மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். நீளாத போல்ட்டில் நட்டு தடங்கல் இல்லாமல் இறங்கும். நாலு போல்ட்டில் இறங்கியது. ஐந்தாவதில் பாதி மரையில் நின்றது. லேசாகத்தான். கொஞ்சம் அழுத்திச் சுற்றினேன், தாண்டிப் போனது. ஆறாவதிலும் அப்படித்தான், அதே இடத்தில். ஒரு சொட்டு ஆயில் விட்டேன். இப்போது நன்றாகவே ஓடியது.

ஆயில் விட்டால் எதுவும் ஓடும். அது எனக்குத் தெரியாதா?

தலையைத் தூக்கினேன். சவரிமுத்துவின் கட்டைவிரல் கடைசிக் கணுவில் காத்திருந்தது. அந்த லிஸ்டிலேயே விலை குறைந்த சாமான் போல்ட்டுதான். ஆனாலும் எனக்கு நாக்கு எழவில்லை.

"போல்ட்டு?" என்றாள் லூர்துமேரி.

"போகும்மா."

அவள் சிரித்தாள். "பாருங்க, நல்ல மனுசன்" என்று புருஷனிடம் சொன்னாள். எனக்கு அது சர்டிபிகேட் வாங்கின மாதிரி இருந்தது. சொல்லவே வாய் கூசுகிறது, அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

டிராக்டர் நன்றாகத்தான் ஓடியது. சீசன் பாதி தாண்டியிருக்கும். முழு லோடோடு ஒரு மேட்டில் ஏறும்போது போல்ட்டு அறுந்து, ராடு இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வண்டி பின்னால் நழுவி, டிரெய்லர் சாய்ந்து, ரோடு முழுக்கக் கரும்பு. சவரிமுத்து குதித்துத் தப்பித்தார். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் என் கை நுழைகிற ஓட்டை.

அதன்பின் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாடலுக்குப் புது பிளாக் எங்கும் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி நான் ஒன்று கொண்டுவந்து, என் பொறுப்பிலேயே எல்லாம் புதுசாகப் போட்டு ஓட்டிக் கொடுக்கும்போது அரவை முடிந்துவிட்டது. அவர்களுடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். டிராக்டரை விற்றுவிட்டார்கள். அடுத்த வருடம் திருவெண்ணெய்நல்லூருக்கு பஸ்ஸில் போகும்போது ரோட்டை ஒட்டிய கரும்புக் கொல்லையில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டி, கையில் கத்தியோடு வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி லூர்துமேரி. பஸ் மெதுவாகத்தான் போனது. இறங்கியிருக்கலாம். நான் முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "ஓவர் லோடு ஏத்தி இருப்பாங்க. ஏழுமலை மேல தப்பிருக்காது. கமிஷன் கூட வாங்காத மனுசன்." தப்பு என்னுடையதுதான் என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். "பாருங்க, அடுத்தவன் பழியையும் தன் தலைல போட்டுக்கறாரு" என்று அதற்கும் மெச்சினார்கள். ராஜவேலு திருடன் என்று சொன்னபோது கூட எனக்கு அவ்வளவு கேவலமாக இல்லை. எந்தப் பேருக்காக அந்த போல்ட்டை மாட்டினேனோ, அந்தப் பேர் அதனாலேயே இன்னும் பெரிதாகிவிட்டது. பாபுவும் அந்தப் பேரை நம்பித்தான் எழுதச் சொல்கிறான்.

பாபு கேட்ட கேள்விக்குப் பதில், டிராக்டரை இழுத்துவந்த அந்த நாளில் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியை, ஆயில் சம்பைக் கழற்றினேன். அறுந்த போல்ட்டு இரண்டு துண்டாக அடியில் கிடந்தது. வெளியே எடுத்ததும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. லூர்துமேரி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

"அது இன்னாண்ணே?"

எடுத்துக் காட்டினேன். "போல்ட்டும்மா. இது அறுந்துதான் எல்லாம் போச்சு."

"புதுசா, பழசா?"

"பழசு. மாத்தி இருக்கணும். தெரிஞ்சும் நான்தான் போகும்னு சொன்னேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குக் கோபத்தைவிடப் புரியாமைதான் அதிகமாக இருந்தது.

"சொல்லி இருந்தா வாங்கி இருப்போமேண்ணே. அத்தினி வாங்குனோம், இத வாங்க மாட்டோமா? இன்னாத்துக்கு சொல்லல?"

"அவரு விரல விட்டு எண்ணிக்கினே இருந்தாரும்மா" என்றேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி அதைத்தான் சொன்னேன். "செலவ ஏத்திக்கினே போறான்னு நெனைக்கிறாரோன்னு…"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே. எனக்கும் தெரியாது. நீங்க எழுதித் தரமாட்டீங்கன்னு சொன்னாங்க. கடைக்குப் போனா ஒண்ணும் விட்டுடக் கூடாதுன்னு வெரல்ல வெச்சுக்கினாரு. பஸ்ஸுல போற வரைக்கும் அதையே சொல்லிக்கினு வந்தாரு."

என்னால் நிமிர முடியவில்லை. மற்ற ராடுகளைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன். அன்று நட்டு தடங்கிய இன்னொரு போல்ட்டு, அந்த ஆறாவது, அறுபடாமல் வந்தது. துடைத்தேன். நட்டையும் துடைத்து, ஆயில் விடாமல், அவளிடம் நீட்டினேன். தொட்டுப் பார்க்கச் சொல்கிற பாய் முறை, முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

"சுத்திப் பாரும்மா. மேல இருந்து."

ஸ்பேனர் பிடித்தறியாத கை. கத்தி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் காய்ப்பு. அந்த விரலால் நட்டை மெதுவாகச் சுற்றினாள். இறங்கியது, இறங்கியது, பாதி மரையில் நின்றது. திருப்பிவிட்டு மறுபடி சுற்றினாள். அதே இடத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கே தெரியுதேண்ணே" என்றாள்.

பழைய சாமான் மூட்டையை விரித்துப் பிடித்தாள். நான் அந்த போல்ட்டையும், சட்டைப்பை வரை போய் வந்த துண்டுகள் இரண்டையும் அதில் போட்டேன்.